மோட்டார்ஹோமில் தெரியாத விளக்கு எரிகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மோட்டார்ஹோம் பார்வைக்கு ஒரே வண்டியாகத் தெரிந்தாலும், அது இரண்டு தயாரிப்பாளர்களின் வேலை. எஞ்சின், சேசிஸ், ஓட்டுநர் அறை ஆகியவற்றை ஒரு வேன் நிறுவனம் செய்து அனுப்புகிறது; படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மின்சாரப் படி ஆகியவற்றை வேறொரு நிறுவனம் அதன் மேல் கட்டி விற்கிறது. இரண்டு நிறுவனங்களும் தத்தம் கையேட்டைத் தனித்தனியாகவே தருகின்றன. தெரியாத விளக்கு ஒன்று எரியும்போது பதற்றத்தில் பலரும் கைக்குக் கிடைத்த கையேட்டைப் புரட்டுகிறார்கள். அதில் அந்தக் குறி இல்லாவிட்டால் இன்னும் கலங்கிப்போகிறார்கள். ஆகவே "இந்த விளக்குக்கு என்ன பொருள்?" என்று கேட்பதற்கு முன் "இது யாருடைய விளக்கு?" என்று கேட்க வேண்டும். என் வண்டியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் இப்படிப்பட்ட விளக்குகளின் பின்னால் பல நாள் அலைந்த பிறகு நான் உறுதியாக நம்புவது இதுதான்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மிக அதிகமாக ஓடும் ஃபியட் டுகாட்டோ அடிப்படையிலான வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெஷோ பாக்ஸரும் சித்ரோவன் ஜம்பரும் இத்தாலியில் அதே ஆலையில் பிறந்த உடன்பிறப்புகள். பிரிட்டனில் ஜம்பருக்கு ரிலே என்று பெயர். இன்று சாலையில் காணும் வண்டிகளில் பெரும்பாலானவை 2006இல் வந்த வடிவமாகவோ, 2014இல் முகம் மாற்றப்பட்ட அதே வடிவமாகவோ இருக்கும். வேறு வேன் மேல் கட்டப்பட்ட வண்டி என்றாலும் சோதிக்கும் வரிசை பெரும்பாலும் இதுவே. குறிகளின் நுட்பம் மட்டும் மாறலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் கிடைத்தவுடன் நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் கவனமாக ஓட்டிச் சென்று விரைவில் சரிபார்க்க வேண்டும். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயக்கத்தில் இருப்பதை மட்டுமே சொல்கின்றன. குறிகளின் வடிவத்துக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்ற பன்னாட்டுத் தரம் இருப்பதால், எண்ணெய்க் குவளையும் பேட்டரிப் பெட்டியும் எந்த நிறுவனத்தின் வண்டியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு முன்னால் இருக்கும் குறி அந்தப் பழகிய குடும்பத்தைச் சேர்ந்ததாகவே தோன்றவில்லை என்றால், அது வீட்டுப் பகுதியைக் கட்டியவர் பொருத்திய விளக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா என்று கவனியுங்கள். இது சிறிய வேறுபாடு போலத் தெரிந்தாலும் பல குறிகளில் பொருளையே மாற்றிவிடும். பிறகு கைப்பேசியை எடுத்து, சாவியைத் திருப்புவதிலிருந்து எஞ்சின் ஓடத் தொடங்கி அரை நிமிடம் ஆகும்வரை டாஷ்போர்டைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் பெரும்பாலான விளக்குகள் ஒரு முறை எரிந்து, சில நொடிகளில் அணையும். எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு போன்ற சில மட்டும் எஞ்சின் ஓடும்வரை நிற்கும். இந்த அணிவகுப்பில் எது அணைய மறுக்கிறது, எது தாமதமாக அணைகிறது, எது எரியவே இல்லை என்பதைப் பதிவில் நிதானமாகப் பார்க்கலாம். எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருப்பதும் ஒரு பழுதுதான். பழைய வண்டியை வாங்கும்போது இதை நான் தவறாமல் பார்ப்பேன், ஏனென்றால் தொல்லை தரும் விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை விற்பவர்கள் உண்டு.

சிவப்பு எண்ணெய்க் குவளை

ஓட்டத்தின்போது எண்ணெய்க் குவளை நிலையாக எரிந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அழுத்தமில்லாத எஞ்சின் சில நிமிடங்களிலேயே தன் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, அளவுக்கோலை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கையேடு சொல்லும் வகை எண்ணெயை ஊற்றி மீண்டும் எஞ்சினை இயக்குங்கள். விளக்கு உடனே அணையாவிட்டால் அத்தோடு நிறுத்தி மீட்பு வண்டியை அழையுங்கள்.

கரி வடிகட்டி (புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் பாகம்) பொருத்திய சில டீசல் டுகாட்டோக்களில் இதே குவளை நிலையாக எரியாமல் மினுக்கும். அழுத்தம் போய்விட்டது என்று அது சொல்லவில்லை; எண்ணெயின் தரம் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறது. வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்யும் சமயத்தில் கூடுதல் டீசல் தெளிக்கப்படுகிறது. அந்தச் சுத்தம் பாதியிலேயே நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் எண்ணெயில் கலந்துவிடுகிறது. அளவுக்கோலில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாசனை அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது. எண்ணெய் கூடியிருப்பது நல்லதுதானே என்று விட்டுவிட வேண்டாம். நீர்த்துப்போன எண்ணெய் எஞ்சினைக் காப்பாற்றாது.

சிவப்பு வெப்பமானி, வண்டிக்கு அடியில் ஈரம்

மலையேற்றத்தில் இந்த வெப்பமானி, அதாவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) விளக்கு எரிந்தால் ஏ.சி.யை அணைத்து, ஓட்டுநர் அறை ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வைத்து, நிறுத்த இடம் தேடுங்கள். எஞ்சின் ஆறும்வரை கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

நிறுத்திய பிறகு அடியில் ஈரம் தெரிந்தால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் எஞ்சினுக்குக் கீழே நிறமும் இனிப்பு மணமும் கொண்ட நீர் என்றால் கூலன்ட் கசிகிறது. அதே இடத்தில் நிறமற்ற நீர் சொட்டினால் அது ஏ.சி. குளிர்வித்த நீராக இருக்கலாம். பின்பகுதியில், வீட்டுப் பகுதிக்கு அடியில் தெளிந்த நீர் கொட்டுகிறது என்றால் அதற்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. ட்ரூமா நிறுவனத்தின் வெந்நீர்க் கொதிகலன் உள்ள பல வண்டிகளில் உறைபனிப் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. அதைச் சுற்றியுள்ள வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கினால் கொதிகலனில் உள்ள நீர் முழுவதையும் அது தானாகவே வெளியே விட்டுவிடும். குளிர்காலக் காலையில் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் தரையில் ஒரு குட்டையும் சேர்ந்து தெரிந்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் விஷயம்.

சிவப்பு ஆச்சரியக்குறி

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். டுகாட்டோவில் ஓட்டுநர் இருக்கையைப் பின்புறம் திருப்ப வேண்டுமானால் ஹேண்ட் பிரேக் நெம்புகோலைத் தாழ்த்த வேண்டியிருக்கும். பிறகு அதை அரைகுறையாக ஏற்றி இறக்கியதில், நெம்புகோல் ஒரு பல் மேலே மாட்டி நிற்பது அடிக்கடி நடக்கிறது. அது சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் பிரேக் திரவத்தின் அளவைப் பாருங்கள். திரவம் குறைவதற்குத் தேய்ந்த பிரேக் பட்டைகளோ கசிவோ காரணமாக இருக்கும். வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது நோயை மூடி மறைப்பதாகும்.

இந்தச் சிவப்பு விளக்கும் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிட்டுத் தரும் அமைப்பே செயலிழந்திருக்கிறது. அந்நிலையில் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முன்னதாகப் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் வீசும். பின்புறம் நீண்டு தொங்கும் மூன்றரை டன் வண்டியில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்கத் தேவையில்லை. மீட்பு வண்டியை வரவழைத்து ஏற்றிச் செல்வதே சரி.

பேட்டரி விளக்கு

ஓடும்போது சிவப்புப் பேட்டரிப் பெட்டி எரிந்தால், மின்சாரம் உற்பத்தியாகவில்லை, சேமிப்பிலிருந்து செலவாகிறது என்று கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஸ்டியரிங்கும் கனத்துவிட்டால் பெல்ட் அறுந்திருக்கலாம். சில எஞ்சின்களில் அதே பெல்ட்தான் கூலன்ட் பம்பையும் சுழற்றும் என்பதால் உடனே நிறுத்துங்கள்.

இங்கே மோட்டார்ஹோமுக்கே உரிய ஒரு தடயம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் ஓடுகிறது என்பதைத் தெரிவிக்கும் டி பிளஸ் என்ற சமிக்ஞை ஒரு கம்பி வழியாக வீட்டுப் பகுதிக்கும் போகிறது. குளிர்பெட்டி 12 வோல்ட்டில் ஓடுவதும், வீட்டுப் பகுதி பேட்டரி ஓட்டத்தின்போது சார்ஜ் ஆவதும், புறப்பட்டதும் படி தானாக உள்ளே மடங்குவதும் அந்தச் சமிக்ஞையை நம்பியே நடக்கின்றன. டாஷ்போர்டு விளக்கு எரியும்போது இவை எல்லாம் சேர்ந்து நின்றுவிட்டால் பழுது எஞ்சின் பக்கம். டாஷ்போர்டு அமைதியாக இருக்க, வீட்டுப் பகுதி பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகவில்லை என்றால் நடுவில் உள்ள ரிலே என்ற மின் சுவிட்சையோ ஃபியூஸையோ தேடுங்கள். அதற்காக ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்லும் பட்டறையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஐயம் ஒரு நிமிடத்தில் தீரும். இரவு முழுவதும் ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி தீர்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதிப்படி வந்த அண்மைக் கால வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கணினி கட்டுப்படுத்துவதால், பேட்டரி நிறைந்தவுடன் வோல்ட் வேண்டுமென்றே குறைக்கப்படும். அந்த வண்டிகளில் ஒரு முறை குறைவாகக் காட்டியதை வைத்தே பழுது என்று முடிவு செய்ய வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல விளக்குகள்

ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு), எஞ்சின் விளக்கு, சில வேளை ஏர்பேக் விளக்கும் சேர்த்து, எல்லாம் கிறிஸ்துமஸ் மரம்போல் எரிவதுதான் மக்களை மிகவும் மிரட்டும் அறிகுறி. உண்மையில் இத்தனை அமைப்புகளும் ஒரே நொடியில் கெட்டுப்போவது அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது என்று நினைப்பதே பொருத்தம். அந்தப் பொதுவான ஒன்று பெரும்பாலும் மின்னழுத்தம்தான்.

நான் ஓட்டும் 2009ஆம் ஆண்டு டுகாட்டோவில் இது நடந்தது ஸ்காட்லாந்தில், கிளென்கோ பள்ளத்தாக்கின் வழியாகப் போகும் ஏ82 சாலையில். சாலையோர ஒதுக்கிடத்தில் தேநீருக்கு நிறுத்திவிட்டுத் திரும்பிச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. டாஷ்போர்டில் ஆறு விளக்குகள். பேட்டரியை அளந்தேன், 12.6 வோல்ட் இருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த அளவு வந்திருக்காது. என்னிடம் இருந்த தடித்த ஜம்ப் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் (மைனஸ்) மறு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்புக் காதிலும் மாட்டி, மீண்டும் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே உயிர் பெற்றது, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஊர் திரும்பியதும் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸையும் சேசிஸையும் இணைத்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழி தரும் எர்த் பட்டையின் பின்னல் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்து, நாலைந்து இழைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தன. புதிய பட்டையின் விலை, இரண்டு பேர் நெடுஞ்சாலை உணவகத்தில் சாப்பிடும் செலவைவிடக் குறைவு.

இந்தத் தலைமுறை டுகாட்டோ உரிமையாளர்களிடையே நன்கு அறியப்பட்ட பலவீனம் இது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்தப் பட்டையை அரித்துவிடுகிறது. சோதிக்கும் முறை எளிது. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்புக் கம்பியை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.2 வோல்ட் அளவில் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்றுங்கள். பேட்டரியையும் அதே கையோடு பாருங்கள்: ஸ்டார்ட்டர் சுழலும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியே தளர்ந்துவிட்டது.

பேட்டரி எங்கே என்று தெரியாமல் பானட்டைத் திறந்து தேடுவோரும் உண்டு. டுகாட்டோவில் அது ஓட்டுநர் அறையின் இடப்புறம், கால் வைக்கும் தரைக்கு அடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் வண்டியில் அது பயணியின் காலடி. ஜம்ப் கொடுப்பதற்கென்று பானட்டுக்குள் ஒரு நேர்முனை தனியாக உண்டு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கூரையில் சோலார் தகடு இருக்கிறதே என்று நம்பிக் குளிர்காலம் முழுவதும் வண்டியை நிறுத்திவைப்பவர்கள், அந்தத் தகடு வீட்டுப் பகுதி பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்யும்படி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அலாரமும் டிராக்கரும் எஞ்சின் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, வசந்தகாலத்தின் முதல் பயணத்தன்று இதே விளக்கு வரிசையை எரிய வைக்கும்.

பேட்டரியும் எர்த்தும் நன்றாக இருந்தும் மழைக்குப் பிறகு மட்டும் விளக்குகள் வந்து போனால், முன்கண்ணாடியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் வடிகாலைப் பாருங்கள். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைகள் அதை அடைத்து, தண்ணீர் நேராக எஞ்சின் மேலும் இணைப்பிகள் மேலும் வடியும். இலைகளை அள்ளிவிட்டு, இணைப்பிகளைக் கழற்றி உலர்த்தி, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பானை அடித்தால் பெரும்பாலும் தீரும்.

சுருள் கம்பி மினுக்குகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது

மஞ்சள் சுருள் கம்பி டீசல் எஞ்சினின் முன்சூடேற்றும் பிளக்குகளைக் குறிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் அது மினுக்கினால் ஒரு பிளக்கோ அவற்றை இயக்கும் ரிலேயோ பழுது. கோடையில் வண்டி வழக்கம்போல் ஓடும் என்பதால் பயணத்தை முடித்துவிட்டே பார்க்கலாம். ஆனால் குளிர்காலத்துக்கு முன் சரிசெய்துவிடுங்கள். சில வேறு நிறுவன வேன்களில் இதே சுருள், பிரேக் விளக்கின் சுவிட்ச் போன்ற முற்றிலும் வேறான பழுதுக்கும் மினுக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஊகத்தைவிட, வண்டியின் கணினி சேமித்துவைக்கும் பிழைக்குறியீட்டைப் படிப்பதே நேரத்தையும் பணத்தையும் காக்கும்.

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்குக்கு இது இன்னும் பொருந்தும். டாஷ்போர்டுக்கு அருகே குறியீடுகளைப் படிப்பதற்கென்று 16 ஊசிகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் ஒன்று இருக்கும். மலிவான புளூடூத் கருவியைச் செருகினால் கைப்பேசியிலேயே குறியீடுகள் தெரியும். பி என்று தொடங்குவது எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம், சி என்பது பிரேக், சேசிஸ் பக்கம், யு என்பது கணினிகள் ஒன்றோடொன்று பேசாத நிலை. பி 0401 என்றால் வெளியேற்றுப் புகையைத் திருப்பி அனுப்பும் ஓட்டம் போதவில்லை. பி 0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு, அதில் பெரும்பாலும் டீசல் வடிகட்டியைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பார்கள். பி 0299 என்றால் டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை, அதற்கு விலகிய ஒரு குழாயே காரணமாக இருக்கலாம். பி 0562 என்றால் மின்னழுத்தம் குறைவு, மேலே சொன்ன எர்த் பட்டைக்குத் திரும்புங்கள்.

குறியீட்டை எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழிக்கும்போது விளக்கு மட்டும் அணைவதில்லை. பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று கணினி சேமித்துவைத்த பதிவும் போய்விடும். அது இல்லாத மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கும், அதற்கும் நீங்களே கூலி தருவீர்கள்.

குறியீடு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வதாலேயே அந்தப் பாகம்தான் குற்றவாளி என்றும் பொருளல்ல. வழக்கத்துக்கு மாறான அளவு எங்கே வந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்த அளவுக்குக் காரணம் தேடும்போது கம்பி, இணைப்பி, குழாய், கடைசியாகவே பாகம் என்று வரிசையாகப் போக வேண்டும்.

கரி வடிகட்டி விளக்கு

புள்ளிகள் நிறைந்த குழாய் போன்ற மஞ்சள் குறி டீசல் கரி வடிகட்டி நிறைந்துவருவதைச் சொல்கிறது. இது பழுதன்று, வேண்டுகோள். கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். முகாம்திடலிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து முகாம்திடலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஒருபோதும் வராது. விளக்கு அணையும்வரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வைத்து, கால் மணி நேரம் அளவுக்கு இடைவிடாமல் ஓட்டுங்கள். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பட்டறைக் கருவியால்தான் எரிக்க முடியும்.

சுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதோ முடிந்தவுடனோ காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். கோடைக்கால முகாம்திடலில் வண்டியின் அடியில் தீப்பிடிக்க புகைக் குழாயின் சூடு போதும். வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுகிறோம் என்று சொல்பவர்களுக்கும் காது கொடுக்க வேண்டாம். இருக்க வேண்டிய வடிகட்டி இல்லாத வண்டி பிரிட்டனின் எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில் 2014 பிப்ரவரி முதல் தேறுவதில்லை.

ஆட்புளூ, டீசலில் நீர்

2019 முதல் வந்த டுகாட்டோக்களில் ஆட்புளூ தொட்டியும் உண்டு. புகையைச் சுத்தம் செய்யப் பயன்படும், நீர் கலந்த 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல் அது. பூச்சியத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும். எச்சரிக்கை வந்ததும் ஊற்றுங்கள், ஏனென்றால் முழுவதும் தீர்ந்த பிறகு எஞ்சினை அணைத்தால் மீண்டும் அது கிளம்பாது. நிரப்பியும் விளக்கு அணையவில்லை என்றால் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஓடும் வண்டியில் கரைசல் பழையதாகிப் படிகமாகியிருக்கலாம். டீசல் தொட்டியில் அதைத் தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது.

டீசல் வடிகட்டிக்கு அடியில் நீர்த்துளி இருப்பது போன்ற குறி டீசலில் நீர் சேர்ந்ததைச் சொல்லும். ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர்களுக்கு நீர் எமன்; டீசல் வடிகட்டியின் அடித் திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும்.

ஏர்பேக் விளக்கு, இருக்கையைத் திருப்பிய பிறகு

ஏர்பேக் விளக்கு எரிந்தால் முந்தைய இரவு முன்னிருக்கைகளைத் திருப்பினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பியுடன் போகும் கம்பிகள், இருக்கை சுழலும்போது இழுபட்டுத் தளர்கின்றன. டார்ச் அடித்துப் பாருங்கள், நசுங்கிய கம்பியோ அங்கே திணித்துவைத்த செருப்போ இருந்தால் தெரியும். ஆனால் இணைப்பியில் கை வைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை அந்த இருக்கையின் ஏர்பேக்கும் பெல்ட்டை இறுக்கும் அமைப்பும் விபத்தில் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

டயர் அழுத்த விளக்கு உள்ள வண்டியில் அது நிலையாக எரிந்தால் குளிர்ந்த டயரில் அழுத்தத்தை அளங்கள். மோட்டார்ஹோமுக்கென்றே வரும் டயர்களுக்குப் பின்புறம் 5.5 பார் என்று பல கையேடுகள் சொல்கின்றன. கார் டயருக்குப் பழகிய கண்ணுக்கு அது தவறாகத் தோன்றும், தவறில்லை. ஒரு நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலைத்தால் டயரில் குறையில்லை, சென்சாரில்தான்.

எந்தக் கையேட்டிலும் இல்லாத விளக்கு

டாஷ்போர்டின் ஓரத்தில் தனியாகத் துளையிட்டுப் பொருத்திய சிறு சிவப்புப் புள்ளி, அல்லது புறப்பட்டதும் விடாமல் கத்தும் ஒலி, பெரும்பாலும் ஏறும் படி வெளியே நீண்டிருப்பதையே சொல்கிறது. இறங்கிப் பாருங்கள், படி உள்ளே இருந்தும் ஒலி நிற்கவில்லை என்றால் படியின் அடியில் உள்ள சிறு சுவிட்சில் சேறு அடைத்திருக்கும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே போதும். கதவுக்கு மேலே உள்ள பலகையில் எரியும் சிவப்பு விளக்குகள் வீட்டுப் பகுதி பேட்டரி, கழிவுநீர்த் தொட்டி, ஹீட்டர் ஆகியவற்றின் குறிகள். அவை எதுவும் எஞ்சினைப் பற்றியவை அல்ல, ஓட்டுவதற்குத் தடையும் அல்ல. வாயுவில் ஓடும் ஹீட்டரில் சிவப்பு எரிந்து வாயு வாசனையும் வந்தால் மட்டும் சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வாருங்கள்.

விளக்கு தானாக அணைந்துவிட்டால்

அணைந்த விளக்கும் குறியீட்டை விட்டுச் செல்லும். அன்று மாலையே படித்துவிடுங்கள். பிரிட்டனில் 2008 ஜூலை முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பயன்பாட்டுக்கு வந்த டீசல் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தால் எம்.ஓ.டி. சோதனையில் தோல்விதான் என்பதால், சோதனைக்கு முந்தைய வாரம் வரை இதைத் தள்ளிப்போடுவது உங்களுக்கே நெருக்கடி. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஈ.எஸ்.பி. விளக்கு மட்டும் தங்கினால், ஸ்டியரிங்கை ஒரு கோடி முதல் மறு கோடி வரை திருப்பிவிட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும்.

பட்டறைக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் "ஏதோ மஞ்சள் விளக்கு" என்று சொல்லாதீர்கள். எடுத்த காணொளி, எழுதிவைத்த குறியீடு, அப்போது மழையா வெயிலா, ஏற்றமா சமதளமா, எஞ்சின் சூடா குளிரா, தொட்டியில் எவ்வளவு டீசல், முந்தைய இரவு வீட்டுப் பகுதியில் என்ன இயங்கியது என்ற விவரம், வீட்டுப் பகுதியைக் கட்டியவர் தந்த கையேடு ஆகியவற்றை அவர் கையில் கொடுங்கள். வேன் மெக்கானிக் பலர் அந்த இரண்டாவது கையேட்டைப் பார்த்ததே இல்லை. டி பிளஸ் கம்பி எங்கே கிளைக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.